தையல் பிரிச்சாச்சு... விரல் ஏன் இன்னும் மரத்தே இருக்கு?

கண்ணாடி டம்ளர் கழுவும்போது கையிலேயே உடைகிறது. தேங்காய் வெட்டும்போது அரிவாள் வழுக்கி மணிக்கட்டில் படுகிறது. பட்டறையில் தகடு வெட்டும் சக்கரம் ஒரு நொடி துள்ளிவிடுகிறது. அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஆபரேஷன் முடிந்து, கட்டோடு வீட்டுக்கு வந்தாச்சு. சில நாளில் தையலும் பிரிச்சாச்சு. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரக்கட்டை மாதிரி இருக்கின்றன. தொட்டால் தெரியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. "ஆபரேஷன் சரியா பண்ணலையோ?" என்ற சந்தேகம் வருகிறது, இல்லையா?

பெரும்பாலும் அப்படி இல்லைங்க. நரம்பு வளர்ந்து வர எடுத்துக்கொள்ளும் காலமே அவ்வளவு. அந்தக் காலத்தில் நீங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கை எவ்வளவு திரும்ப வரும் என்பது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பேச்சு வழக்கில் ரத்தக் குழாய், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு மூன்றையுமே "நரம்பு" என்றுதான் சொல்கிறோம். டாக்டருக்கு மூன்றும் வேறு வேறு. தசைநாணும் சேர்ந்து அறுபட்டிருந்தால் பயிற்சி முறையே மாறும். அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது, "எனக்கு அறுபட்டது எது எது?" என்று தயங்காமல் கேளுங்க. டிஸ்சார்ஜ் சீட்டை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. பின்னால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகள் இருக்கின்றன. டாக்டர் நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் தைப்பது அவற்றைச் சுற்றியிருக்கும் உறையைத்தான். உள்ளே இருக்கும் இழைகளை ஒவ்வொன்றாகத் தைக்க முடியாது. வெட்டுக்கு அப்பால், விரல் பக்கம் இருக்கும் இழைகள் சில நாட்களில் சிதைந்துவிடுகின்றன. இதை அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1850-லேயே கண்டு எழுதியிருக்கிறார். பிறகு வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புது இழைகள் துளிர்த்து, பழைய குழாய்ப் பாதை வழியே விரல் நுனியை நோக்கி வளர வேண்டும். அதன் வேகம் சராசரியாக நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்.

கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை சுமார் 18 சென்டிமீட்டர் என்று வைத்தால், 180 நாள். துளிர்க்கத் தொடங்கவே சில வாரம் ஆகும். ஆக, ஆறேழு மாதம். முழங்கைக்கு மேலே அடி என்றால் ஒரு வருடம் தாண்டியும் போகலாம். வயது, அடியின் தன்மை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் எல்லாம் இந்த வேகத்தைக் குறைக்கும். குழந்தைகளுக்குப் பெரியவர்களை விட நன்றாகவே திரும்ப வரும்.

இதில் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. நரம்புத் தொடர்பு இல்லாத தசை மெலிந்துகொண்டே போகும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் கடந்தபிறகு நரம்பு போய்ச் சேர்ந்தாலும் தசை அதை ஏற்றுக்கொள்ளாத நிலை வந்துவிடலாம். அடிபட்டவுடனே தாமதிக்காமல் நரம்பைத் தைக்கச் சொல்வதும் இதனால்தான்.

அப்போ பயிற்சி எதுக்கு?

நரம்பு தானாகத்தானே வளர்கிறது, நான் ஏன் விரலை மடக்கி நீட்ட வேண்டும் என்று கேட்கலாம். டெல்டா பக்கத்து வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். அது வரும்போது வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் என்ன பயன்? அசைக்காத மூட்டு இறுகிப்போகும், தோலும் தசைநாணும் சுருங்கும். நரம்பு வரும்வரை அவற்றைத் தயாராக வைத்திருப்பதுதான் பயிற்சியின் முதல் வேலை.

என் சித்தப்பா ஒரு தையல்காரர். கண்ணாடி குத்தி மணிக்கட்டில் நரம்பு அறுந்து ஆபரேஷன் ஆனது. இரண்டு மாதம் ஒழுங்காகப் பயிற்சிக்குப் போனார். "ஒண்ணுமே தெரியல, பஸ் காசுதான் தண்டம்" என்று நிறுத்திவிட்டார். எட்டாவது மாதம் விரல் நுனியில் சுருக்கென்று குத்துகிற உணர்வு வந்தது. நரம்பு வந்துவிட்டது. ஆனால் விரல் மூட்டுகள் அதற்குள் இறுகிவிட்டன. இன்றைக்கும் அவரால் ஊசியில் நூல் கோக்க முடியாது, சித்திதான் கோத்துக் கொடுக்கிறார். அந்த இரண்டாவது மாதத்தில் "இப்போ ஒண்ணும் தெரியாது, அதுதான் இயல்பு" என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

முதல் சுமார் மூன்று வாரம், தைத்த இடம் இழுபடாமல் இருக்க மாவுக்கட்டோ ஸ்பிளின்டோ போட்டிருப்பார்கள். அதை நீங்களே கழற்றாதீங்க. கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்க. கட்டுக்கு வெளியே இருக்கும் தோள்பட்டையையும், டாக்டர் அனுமதித்த விரல்களையும் அசையுங்க. தோளை அசைக்காமல் விட்டு, கடைசியில் தோள் இறுகிப்போய் வருகிறவர்களும் உண்டு.

கட்டு எடுத்த பிறகு, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி, நல்ல கையால் அடிபட்ட கையின் ஒவ்வொரு விரலையும் மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். ஒரே தடவையில் அரை மணி நேரம் செய்வதை விட, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளில் பல தடவை செய்வது நல்லது. வலிக்க வலிக்க இழுக்கக் கூடாது. தசையில் லேசான துடிப்பு வந்ததும், கையை மேசைமேல் வைத்து நகர்த்துவது, பிறகு தூக்குவது, அதன் பிறகுதான் சப்பாத்தி மாவு பிசைவது, துணி கிளிப் அழுத்துவது என்று படிப்படியாகப் போவார்கள்.

நரம்பு வளர்ந்து வருவதை நீங்களே உணரலாம். நரம்பு போகும் பாதையில் விரலால் லேசாகத் தட்டும்போது ஓரிடத்தில் ஷாக் அடித்த மாதிரி சுர்ரென்று இருக்கும். மாதா மாதம் அந்த இடம் விரல் பக்கம் நகர்ந்தால் நல்ல செய்தி. நகரவே இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்க. பயந்துபோய் பயிற்சியை நிறுத்துகிற பலர், நல்ல அறிகுறியான இந்தக் கூச்சத்தைத்தான் "வலி கூடிடுச்சு" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உணர்வு திரும்பும்போதும் ஒரு வேடிக்கை நடக்கும். ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்ட மாதிரி தெரியும். சில இழைகள் பாதை மாறிப் போய்ச் சேர்வதால் மூளைக்கு விலாசம் குழம்பிவிடுகிறது. மூளைக்கு மறுபடி சொல்லித்தர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சு, சாக்கு, சீப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு இது என்ன என்று யோசியுங்க, பிறகு கண்ணைத் திறந்து பாருங்க. அரிசிக்குள் ஒளித்து வைத்த ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களைத் தடவிக் கண்டுபிடிப்பதும் நல்ல பயிற்சி. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை விளையாட்டாகவே செய்துவிடுவார்கள்.

ஒத்தடம் வேண்டாம்

இது ரொம்ப முக்கியம். மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது. அக்கறையோடு பாட்டி கொடுக்கிற உப்பு ஒத்தடமும், காய்ச்சிய எண்ணெயும் தோலை வேகவைத்துவிட்ட பிறகுதான் தெரியவரும். சமைக்கும்போது துணியை நல்ல கையால் பிடியுங்க. வண்டி சைலன்சர், இஸ்திரிப் பெட்டி, பீடி, சிகரெட் எல்லாமே ஆபத்து. தினமும் ராத்திரி அந்தக் கையைத் திருப்பிப் பார்த்து, கொப்புளமோ வெட்டோ இருக்கிறதா என்று கவனியுங்க. நரம்பு மாத்திரை சாப்பிடுகிறேனே, பயிற்சி எதற்கு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். மாத்திரை மூட்டை இறுகாமல் வைத்திருக்காது.

எங்கே போகலாம்?

கை அறுவை சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தனி மையமே இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. அடிக்கடி பயணம் செய்ய முடியாத நிலையில் இருந்தால், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்க, அல்லது 104-க்குப் போன் செய்யுங்க. சாலை விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்களுக்கான அறுவை சிகிச்சை பட்டியலில் வருகிறதா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவர்கள் கூலி போகிறதே என்று பயிற்சியை விட்டு ஓடுவதுதான் அதிகம். இ.எஸ்.ஐ. பதிவு உள்ள தொழிலாளி என்றால், வேலையில் ஏற்பட்ட காயத்தால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் பெற வழி உண்டு. அதற்கு விபத்து பற்றி நிர்வாகம் அறிக்கை தந்திருக்க வேண்டும், இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றும் வேண்டும். கட்டோடு வீட்டில் இருக்கும் அந்த முதல் வாரத்திலேயே, வீட்டில் யாரையாவது அனுப்பி அந்த அறிக்கை போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிடுங்க.