வாசலுக்கு வரும் இரண்டாவது விலை

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், பறவைகளைக் கவனிப்பதில் மிகுந்த ஈடுபாடு உள்ளவர், ஜப்பானிய வியாபாரி ஒருவரிடம் இணையத்தின் மூலம் 8,000 ரூபாய் விலையில் ஒரு பைனாகுலர் வாங்கினார். அனுப்புச் செலவு 1,500 ரூபாயையும் சேர்த்து அன்றே செலுத்திவிட்டு, இனிக் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு அவர் காத்திருக்க, பத்தாம் நாள் பெட்டியோடு வந்த கூரியர் இளைஞன் ஒரு ரசீதை நீட்டி, பொருளின் விலையில் பாதிக்கும் மேலான தொகையைக் கேட்டான். “கட்டினாத்தான் பார்சல் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆபீசுல கேளுங்க.” ஆசிரியர் கட்டினார்.

மறுநாள் அந்த ரசீதை என்னிடம் கொண்டுவந்தார். அதில் சிறிய எழுத்தில் மூன்று இனங்கள் இருந்தன: இறக்குமதி வரிகள், கூரியரின் முன்பணக் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. மூன்றையும் அவர் ‘வரி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டார். நஷ்டம் அந்தச் சொல்லில்தான் ஆரம்பமாகிறது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் சர்க்காருக்குப் போகும் ரூபாய் வேறு, கூரியருக்குப் போகும் ரூபாய் வேறு, வங்கிக்கும் வியாபாரிக்கும் போகும் ரூபாய் வேறு. ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்க வேண்டிய இடமும் பரிகாரமும் தனித்தனியானவை.

முதலில் சர்க்கார் வரியைப் பார்ப்போம். சுங்கத்துறை பொருளின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. கப்பலிலோ விமானத்திலோ வந்த செலவையும் காப்பீட்டையும் சேர்த்து, அரசு அறிவித்த நாணய மாற்று விகிதத்தில் ரூபாயாக்கி, அந்த மொத்தத்தின் மேல்தான் கணக்கைத் தொடங்குகிறது. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுபவை ஆகையால், கணக்கின் போக்கு விளங்குவதற்காக மட்டும் அடிப்படை வரி 20 சதவீதம், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கின் எளிமைக்காகக் காப்பீட்டை விட்டுவிட்டால், 9,500 ரூபாய்க்கு அடிப்படை வரி 1,900. அந்த வரியின் மேல் 10 சதவீதச் சமூகநலக் கூடுதல் வரி 190. இவையெல்லாம் சேர்ந்த 11,590 ரூபாயின் மேல் ஜி.எஸ்.டி. ஏறத்தாழ 2,086. ஆக மொத்தம் 4,176 ரூபாய். இரண்டு விகிதங்களையும் கூட்டி 38 சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டவர் 8,000 ரூபாய்ப் பொருளுக்கு 52 சதவீதம் கொடுக்க நேர்வது, அனுப்புச் செலவுக்கும் வரி விழுவதாலும் வரியின் மேல் வரி ஏறுவதாலும்தான்.

‘பரிசு என்று எழுதி அனுப்புகிறோம், வரி வராது’ என்று சில வியாபாரிகள் ஆசை காட்டுவதுண்டு. உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கியும் தவிர, தபாலிலும் கூரியரிலும் வரும் பரிசுப் பொருள்களுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. விலையைக் குறைத்துக் காட்டினாலோ, பறிமுதலும் அபராதமும் வாங்கியவர் தலையில்தான் விழும்.

கூரியரின் முன்பணக் கட்டணம் என்பது, அந்த நிறுவனம் நம் சார்பில் வரியை முன்கூட்டியே செலுத்தியதற்காகக் கேட்கும் சேவைக் கட்டணம். வாசலில் நின்று பெட்டி வேண்டாம் என்று மறுத்தாலும் செலுத்திய வரி தானாகத் திரும்பி வராது என்பதும் இதனால்தான். வேண்டாம் என்று சொல்வதானால் சுங்க விடுவிப்பு உத்தரவு பிறப்பதற்கு முன்பே எழுத்து மூலம் பொருளின் உரிமையைத் துறந்துவிட வேண்டும். அப்போது, சட்டத்தை மீறி வந்த பொருளாக இல்லாத பட்சத்தில், வரிப் பொறுப்பு இல்லை. அந்நிய நாணயத்தில் செலுத்தியதற்காக வங்கி சேர்க்கும் கட்டணம் கார்டின் கணக்குச் சீட்டில் பின்னால் வரும். அதையும் விலையோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

வியாபாரியின் கடமை என்ன? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், இந்திய நுகர்வோரிடம் முறையாக வியாபாரம் செய்யும் வெளிநாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. கட்டாயக் கட்டணங்களும் வரியும் அடங்கிய மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும் என்கின்றன. விலையைச் சிறுகச் சிறுக வெளிப்படுத்துவதை 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியான வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்தியாகவே அறிவித்திருக்கின்றன. புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வழக்கை நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் தொடரலாம். ஆனால் இந்தியாவில் வேரில்லாத ஒரு சிறு கடையின் மேல் ஆணையத்தின் உத்தரவுகள் செல்லுபடியாவது சிரமமே. பொருள் வரவில்லை, அல்லது வேறு பொருள் வந்தது என்றால் கார்டு கொடுத்த வங்கியிடம் உடனே தகராறு பதிவு செய்வதே கைமேல் பலன் தரும். சுங்க வரியை மட்டும் அந்த வழியில் மீட்க முடியாது.

பழுதான பொருளைத் திருப்பி அனுப்பினால் வியாபாரி விலையைத்தான் தருவார். வரி சுங்கத்துறையிடம் நின்றுவிடும். அதை மீட்க 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 26ஏ என்ற பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. பழுதைக் கண்டறியத் தேவையான அளவுக்கு மேல் உபயோகிக்காமல், விடுவிப்பு உத்தரவிலிருந்து பொதுவாக 30 நாள்களுக்குள் பொருளைத் திருப்பி ஏற்றுமதி செய்தோ சுங்கத்துறையிடம் துறந்தோ, செலுத்திய வரியைக் கோரலாம்.

இன்னோர் அபாயமும் உண்டு. ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தி மோசடி என்றே கொள்க. சுங்கத்துறையின் கடிதத்தில் டி.ஐ.என். என்னும் ஆவண எண் இருக்கும். அதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

நம் ஆசிரியர் என் சொற்படி கூரியர் அலுவலகத்தில், சுங்கத்துறையிடம் தாக்கல் செய்த ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்னும் இறக்குமதிப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினார். இன்வாய்ஸின் 9,500 ரூபாயில் ஏற்கெனவே அடங்கியிருந்த அனுப்புச் செலவை மறுபடியும் ஒருமுறை கூட்டி, 11,000 ரூபாய்க்கு வரி போட்டிருந்தார்கள். கணக்கு தவறு என்றால் மேல்முறையீட்டு ஆணையரிடம் போக 60 நாள் அவகாசம் உண்டு. அதில் 22 நாள்கள் கழிந்திருந்தன. இன்வாய்ஸ், ரசீது, உறையோடு கூடிய பெட்டி ஆகிய மூன்றையும் எறியாமல் வைத்திருந்ததால் மனுவுக்கு வேண்டியதெல்லாம் அவர் கைவசம் இருந்தது. நீங்களும் இரண்டு மாதமாவது அவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.