பெட்ரோல் பம்ப்பில் ஒரு முகம்

அமெரிக்காவில் 12 மாநிலங்களில் வேளாண்மைத் துறைத் தலைவரை ஆளுநர் நியமிப்பதில்லை. மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஃப்ளோரிடாவில் பெட்ரோல் பம்ப்பின் அளவு சரியா என்று சோதிப்பதும் அவர் துறைதான். 2019-இல் அப்பதவியில் இருந்த நிக்கி ஃப்ரைட், சோதனை ஸ்டிக்கரில் தன் படத்தையே போட்டுவிட்டார். நிபுணர் வேலைக்குத் தேர்தல் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் டெக்சாஸைப் பாருங்கள். அங்கே இதே பதவிக்கான 1982 தேர்தலில் வென்ற ஜிம் ஹைடவர், வயலில் கூலி வேலை செய்பவர்களைக் காக்கப் பூச்சிமருந்து விதிகளை இறுக்கினார். மருந்து நிறுவனங்கள் கொதித்தன. மருந்தடித்த வயலுக்குள் கூலியாள் எப்போது இறங்கலாம் என்பது வெறும் வேதியியல் கேள்வியா? யார் உடம்பு, யார் லாபம் என்ற கணக்கும் அதில் உண்டே. 1990 தேர்தலில் ஹைடவர், எதிர்த்துப் போட்டியிட்ட ரிக் பெர்ரியிடம் தோற்றார். அவர் நியமன அதிகாரியாக இருந்திருந்தால் அவர் பதவி ஓர் உத்தரவில் ஓசையில்லாமல் முடிந்திருக்கும். இங்கே ஊரறியச் சண்டை நடந்தது.