கொசுவின் எதிரிகளைக் கொன்றுகொண்டிருக்கிறோம்

வடசென்னையில் ராயபுரம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பொழுது சாய்ந்ததும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் ஓடுகிற பகுதியில் வேறு வழியில்லை. அவ்வப்போது கொசு மருந்துப் புகை வண்டி வரும். தெரு வெள்ளையாகும், பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள், அன்றிரவு கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம். பத்து நாளில் பழைய கதைதான்.

இது ஏன் ஓயாமல் நடக்கிறது என்பதற்கு விடை கால்வாய்த் தண்ணீருக்குள் இருக்கிறது. சாக்கடையில் பெருகும் கியூலக்ஸ் கொசுவின் புழுவுக்கு வால் பக்கம் சின்னதாக ஒரு மூச்சுக்குழல் உண்டு. தலைகீழாகத் தொங்கியபடி அந்தக் குழலை நீர்மட்டத்துக்கு நீட்டி, நேராகக் காற்றை இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. அதைத் தின்னும் தட்டான் புழுவின் நிலை வேறு. தட்டான் புழுவுக்குச் செவுள் குடலின் கடைக்கோடியில் இருக்கிறது. பின்பக்கமாகத் தண்ணீரை உள்ளிழுத்து, அதில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு வெளியே தள்ளும். இரை அருகில் வந்தால், தலைக்கடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதடு விருட்டென்று முன்னால் பாய்ந்து கவ்வும். நல்ல தண்ணீரில் கொசுப்புழுவுக்கு எமன் இது. கழிவு கலந்து ஆக்சிஜன் தீர்ந்துபோன தண்ணீரிலோ எமன் முதலில் சாகிறது, கொசுப்புழு பிழைத்துக்கொள்கிறது. ஆக, கால்வாயை நாறவிட்டதே நாம் கொசுவுக்குச் செய்த முதல் உபகாரம்.

இரண்டாவது உபகாரம் அந்தப் புகை. பறக்கும் கொசுவைத்தான் அது கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவைத் தொடாது. நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து கொசுவாவதற்குப் பத்து நாள் போதும் என்பதால் விட்ட இடத்தைக் கொசு உடனே பிடித்துவிடுகிறது. அதே புகை பட்டுச் சாகிற சிலந்திக்கு அந்த வசதி இல்லை. ஒரு சிலந்தி வளர்ந்து ஆளாக மாதக்கணக்கில் ஆகும். கொசுக்காய்ச்சல் பரவும் காலத்தில் புகை தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை. ஆண்டு முழுவதும் அதையே நம்பியிருப்பதுதான் தவறு.

நல்ல தண்ணீரில் பெருகும் கொசுவும் வடசென்னையில் உண்டு. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். துறைமுகங்கள் வழியாகவும் பரவும் கொசு இது. 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி துறைமுக நகரத்தில் தென்பட்டு, பின்னர் எத்தியோப்பியாவிலும் சூடானிலும் காணப்பட்டது. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் பெற்றது. அடுத்த ஆண்டே மன்னாரில் இந்தக் கொசு இருப்பதாகச் செய்தி வந்தது. தொட்டிக்கு மூடியும் காற்றுக்குழாய் வாயில் வலையும் போட்டால் இதைத் தடுத்துவிடலாம். இதற்குப் புகையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

வீட்டுக்குள் வேலை செய்கிறவை சிலந்திகள். குளியலறை மூலையில் மெல்லிய நீளக் கால்களோடு தலைகீழாகத் தொங்குமே, அதைத் தொட்டுப் பாருங்கள்: உடல் மங்கலாகத் தெரியும் அளவுக்கு வலையோடு சேர்ந்து வேகமாக ஆடும். எதிரியை ஏமாற்றும் வித்தை அது. பெண் சிலந்தி தன் முட்டைகளை வாயிலேயே கவ்விக்கொண்டு திரியும். இவ்வகைச் சிலந்தி டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பிடித்துத் தின்பதைத் தாய்லாந்தில் ஆராய்ந்து 1997இல் எழுதியிருக்கிறார்கள். சுவரில் தாவித் தாவி ஈயையும் கொசுவையும் பிடிக்கும் குட்டிச் சிலந்திக்கு வலையே கிடையாது. தாவுமுன் ஒரு நூலைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் பாயும். உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி நிற்கும் பெரிய எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் பலரும் துடைப்பத்தை எடுக்கிறார்கள். அது இரவில் கரப்பான்பூச்சியைத் தேடி வருகிறது. சரக்குக் கப்பல்களில் ஏறி உலகத்தின் வெப்பமண்டலத் துறைமுகங்கள் பலவற்றிலும் குடியேறிய இனம் அது. கிடங்குகள் நிறைந்த ராயபுரத்துக்கு அந்நியமில்லை.

எட்டுக்கால் பூச்சி மேலே ஊர்ந்தால் கொப்புளம் வரும் என்ற பயம் நம் வீடுகளில் அதிகம். அந்தக் கொப்புளங்களில் பலவற்றுக்குக் காரணம் அக்கி என்கிற வைரஸ் நோய். இன்னும் சில, மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் ஆரஞ்சும் கறுப்பும் கலந்த ஒரு சிறு வண்டைத் தோலின் மேல் நசுக்குவதால் வருபவை. பழி மட்டும் சிலந்தி மேல்.

மழைக்கு முன்னும் பின்னும் திருவொற்றியூர் கடற்கரையில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டானுக்கு இன்னொரு கதை உண்டு. அக்டோபர் வாக்கில் இந்தியாவிலிருந்து மாலத்தீவுக்கும், அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இந்த இனம் கடல் கடப்பதாக 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் எழுதினார். போய்த் திரும்பும் முழுச் சுற்றும் 14,000 கிலோமீட்டருக்கு மேல். அதை முடிப்பவை பேரன் பேத்தித் தலைமுறைகள். இவை முட்டையிடுவது தற்காலிக மழைக் குட்டைகளில். பளபளக்கும் கார் மேற்கூரையில் தெறிக்கும் ஒளி தண்ணீரில் தெறிக்கும் ஒளி போலவே இருப்பதால் ஏமாந்து காரின் மேல் முட்டையிட்டு வீணாக்குவதும் உண்டு. சிவப்புக் கார்களும் கறுப்புக் கார்களும் நீர்ப்பூச்சிகளை அதிகம் ஈர்ப்பதாக ஹங்கேரி ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஏற்றுமதிக்குப் புதுக் கார்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. குட்டைகளைத் தூர்த்த நிலத்தில் தட்டானுக்கு மிஞ்சுவது அந்தக் கார்கள்தான் என்றால் அது பெரிய கொடுமை.

இடம் இழப்பது தட்டான் மட்டுமல்ல. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சாலையோரத்திலும் எருக்கு தழைத்து நிற்கிறது. அதன் பூவில் வந்து அமரும் பெரிய கருவண்டின் காலைக் கவனியுங்கள். மஞ்சளாக ஒரு ஜோடிப் பை ஒட்டிக்கொண்டிருக்கும். எருக்கின் மகரந்தம் தூளாக உதிராது, இப்படிப் பையாகத்தான் பயணப்படும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று அதன் நஞ்சைத் தன் உடம்பில் சேமித்துக்கொள்வதால் பறவைகள் அதைச் சீண்டுவதில்லை. கருவண்டு கூடு கட்ட உலர்ந்த மரம் வேண்டும். பழைய ஓட்டு வீட்டு உத்தரம், கரையில் கிடக்கும் பழம்படகு, மூங்கில் எல்லாம் அதற்குச் சரிப்படும். இவற்றையும் எருக்கையும் சேர்த்துக் ‘குப்பை’ என்று ஒரே நாளில் வழித்துவிடுகிறோம்.

கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தின் அலையாத்திகளுக்கு இதைவிடப் பெரிய அடி விழுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படிந்தது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்ததைப் படங்களில் பார்த்தோம். அதே எண்ணெய் அலையாத்தியின் தண்டிலும் மூச்சுவேரிலும் ஒட்டியது. அங்கே வாழும் எறும்பும் சிலந்தியும் யார் கணக்கிலும் வரவில்லை. எறும்பு போன்ற பூச்சிகள் மூச்சு விடுவது உடம்பின் இருபுறமும் உள்ள நுண்துளைகளால். எண்ணெய் அவற்றை அடைத்தால் சாவுதான். கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2017இல் பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் பேசியது. புறம்போக்கு என்று ஒதுக்கிய நிலம்தான் வடசென்னையில் பூச்சிகளுக்கு மிச்சமிருக்கும் வீடு.

பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது குளியலறை மூலைச் சிலந்தியை விட்டுவையுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். தெருமுனையில் ஓர் எருக்கஞ்செடி நின்றால் நிற்கட்டும். அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு: கால்வாய்க்கு வரும் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே விடுங்கள். பக்கிங்காம் கால்வாயில் தட்டான் புழு வாழ முடிகிறதா என்பதை ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவை மக்களிடம் சொல்லுங்கள்.