ஊசி கேட்கிற நோயாளி: சில குறிப்புகள்

'ஊசி போடச் சொல்லி அடம்பிடிக்கிற கிராமத்து நோயாளி' என்கிற பிம்பம் மருத்துவர்களின் பேச்சில் மட்டுமல்ல, நம்முடைய முற்போக்கு எழுத்திலும் சிரிப்புக்குரிய பாத்திரமாகவே இருந்து வந்திருக்கிறது. அறியாமை, மூடநம்பிக்கை, விழிப்புணர்வின்மை என்று மூன்று சொற்களில் கதையை முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் முடித்து வைத்திருந்தேன்.

சேர்வராயன் மலையில் மாரமங்கலம் பக்கம் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற, ஐம்பதைத் தாண்டிய பெரியம்மா ஒருவரோடு (மலையாளிப் பழங்குடி, கேரளத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், பேசுவது தமிழ்தான்) ஒரு மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். எந்த மருத்துவர் என்பது இங்கே முக்கியமில்லை. காலை பஸ்ஸில் வந்து, சீட்டு வாங்கி, இரண்டரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். வெளியே வர மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

மருத்துவர் என்னைப் பார்த்து, 'இவங்களுக்கு என்ன?' என்றார். 'இவங்க' எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பெரியம்மா ஆரம்பித்தார்: 'போன மாசம் எங்க தங்கச்சி வூட்டுக் காரியத்துக்குப் போயிட்டு வந்தனுங்க, அதுலேர்ந்து...'

'அதெல்லாம் இருக்கட்டும்மா. இப்ப என்ன பண்ணுது?'

'தல சுத்துதுங்க.'

பிரஷர் பார்த்தார். 'மாத்திரை ஒழுங்காப் போடறியா?'

'போடறனுங்க.'

மாத்திரையின் அளவு கூடியது. 'ஊசி போடலீங்களா?' என்று பெரியம்மா கேட்டபோது மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னிடம் 'நீங்க', அவரிடம் 'நீ' என்று அறை ஏற்கனவே இரண்டாகப் பிரிந்திருந்தது, எம்.ஏ. படித்தவன் எந்தப் பக்கம் நிற்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் விஷயம் வெளியே வந்தது. 'அந்த நீர் மாத்திரையப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு முட்டுது கண்ணு. பழம் பறிக்கிற எடத்துல ஆம்பளையாளுங்க நடுவுல எங்க போயி ஒக்காரது? வேலை இல்லாத அன்னைக்கு மட்டுந்தான் போடறது.' கார்த்திகை, மார்கழி பழம் பறிக்கிற காலம். வேலை இல்லாத நாள் ஏது? அவருடைய ரத்தக்கொதிப்பு தோட்டத்தில் கழிப்பறை இல்லாததோடு சம்பந்தப்பட்டிருக்கிறது. மருத்துவர் கூட்டியதோ மாத்திரையை.

'போடறனுங்க' என்றது பொய்யா? 'ஒழுங்கா' என்கிற சொல் கேள்வியில் நுழைந்தவுடனேயே அது வாத்தியார் கேட்கிற கேள்வியாகிவிடுகிறது. அதற்கு ஒரே பதில்தான் உண்டு.

மிஷேல் ஃபூக்கோ 1963இல் வெளியான மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூலில் இதற்கு ஒரு வரலாறு சொல்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவரின் கேள்வி மாறுகிறது: உனக்கு என்ன என்று கேட்டவர், உடம்பில் எந்த இடம் என்று கேட்கத் தொடங்குகிறார். அதன்பின் பேச வேண்டியது உடம்புதான், ஆள் அல்ல. தங்கச்சி வீட்டுக் காரியம் வெறும் இரைச்சலாகிவிடுகிறது. பெக்மனும் ஃபிராங்கெலும் 1984இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் நோயாளியின் பேச்சு சராசரியாக 18 விநாடியில் வெட்டப்பட்டது. 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017இல் வந்த ஓர் ஆய்வின்படி மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரம் சுவீடனில் 22.5 நிமிடம், பங்களாதேஷில் 48 விநாடி. இந்தியா இரண்டு நிமிடத்தை ஒட்டி நிற்கிறது.

இதை வைத்து மருத்துவரை வில்லனாக்கிவிடுவது சுலபம். சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. இந்தக் கணக்கு தலைகளை எண்ணுகிறது. நடக்கிற தூரத்தை, போகிற கூலியை எண்ணுவதில்லை. கதவுக்கு வெளியே எழுபது பேர் நிற்கும்போது யாருடைய தங்கச்சி கதையையும் யாரும் கேட்க முடியாது.

ஊசியை இங்கிருந்துதான் வாசிக்க வேண்டும். மாத்திரையைச் சீட்டிலேயே எழுதித் தந்துவிடலாம்; ஊசிக்கு ஒருவர் எழுந்து வந்து தொட வேண்டும், பஞ்சால் துடைக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்குத் தன்னை யாரோ கவனித்தார்கள் என்பதற்கு மிஞ்சுகிற ஒரே அத்தாட்சி அதுதான். லண்டனில் பொது மருத்துவர்களோடு பணியாற்றிய மைக்கேல் பாலிண்ட், 1957இல் வந்த தன் நூலில், மருத்துவரே ஒரு மருந்து, அதன் அளவைத்தான் எந்தப் பாடநூலும் சொல்வதில்லை என்று வாதிட்டார். அந்த மருந்து கிடைக்காத இடத்தில் ஊசி கேட்கப்படுகிறது. ஊசியைப் புனிதப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. குஜராத்தின் மொடாசாவில் 2009இல், ஒருவருக்குப் போட்ட ஊசியையே இன்னொருவருக்கும் போட்டதால் மஞ்சள் காமாலை பரவிப் பலர் செத்தார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சாதாரண விஷயமில்லை இது. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். ஆனால் நீர் மாத்திரை வாசலுக்கே வந்துவிட்டாலும், தோட்டத்தில் எங்கே உட்காருவது என்பது அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த முறை போனபோது நானே மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த மாத்திரையை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினார். 'இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?' என்று கேட்டார், என்னைப் பார்த்து.