விண்டோசில் டிரைவ் எழுத்து காணாமல் போதல்

டிரைவ் எழுத்து என்பது, ஒரு சேமிப்புப் பகுதியை அடையாளம் காட்டுவதற்காக விண்டோஸ் இயங்குதளம் அதற்குச் சூட்டும் ஒற்றை ஆங்கில எழுத்தாகும். 'திஸ் பிசி' சாளரத்தில் சி, டி, இ எனத் தெரிபவை இவையே. சில வேளைகளில் பென் டிரைவையோ வெளி வன்தட்டையோ செருகியதும் இணைப்பு ஒலி கேட்கும். ஆனால் புதிய எழுத்து எதுவும் தோன்றாது. எழுத்து தெரியவில்லை என்பதாலேயே உள்ளிருக்கும் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளல்ல. பதற்றத்தில் 'ஃபார்மேட்' பொத்தானை அழுத்துவதே பெரிய இழப்புக்கு வழிவகுக்கும்.

வரலாறு

டிரைவுகளை எழுத்தால் குறிக்கும் முறை, 1970-களில் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தில் இருந்தது. 1981-இல் ஐபிஎம் பிசியுடன் வந்த டாஸ் அதே முறையைப் பின்பற்றியது. ஏ, பி ஆகிய இரண்டும் நெகிழ்வட்டுகளுக்கு உரியவையாக இருந்தன. 1983-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அதற்குச் சி என்னும் எழுத்து கிடைத்தது. நெகிழ்வட்டுகள் வழக்கொழிந்த பின்னரும் வன்தட்டின் எழுத்து சி-யிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

எழுத்து எங்கே பதிவாகிறது?

டிரைவ் எழுத்து வட்டுக்குள் எழுதப்படுவதில்லை. அது அந்தந்தக் கணினியின் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், 'மவுண்டட் டிவைசஸ்' என்னும் பகுதியில் பதிவாகிறது. எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்ட வட்டாயின் வட்டின் கையொப்ப எண்ணையும் பகுதி தொடங்கும் இடத்தையும் கொண்டு விண்டோஸ் அதை அடையாளம் காண்கிறது. ஜிபிடி முறையாயின் பகுதிக்குரிய தனி அடையாள எண் பயன்படுகிறது. ஒரே பென் டிரைவ் ஒரு கணினியில் இ எனவும் மற்றொன்றில் ஜி எனவும் தெரிவதற்கு இதுவே காரணம். கதவு எண் பலகை கழன்று விழுந்தால் வீடு காணாமல் போவதில்லை. இதுவும் அதைப் போன்றதே.

முதலில் பார்க்க வேண்டிய இடம்

விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி, வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியுடன் இணைந்துள்ள வட்டுகளும் அவற்றின் பகுதிகளும் இச்சாளரத்தின் கீழ்ப்பாதியில் தெரியும். அங்கு காணும் நிலையைப் பொறுத்தே தீர்வு அமையும்.

1. பகுதி 'ஹெல்தி' எனக் காட்டி, எழுத்து மட்டும் இல்லாதிருத்தல்: பகுதியின் மேல் வலச்சொடுக்கு செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' வழியாக 'ஆட்' கொடுத்து ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். கோப்புகளுக்குப் பாதிப்பில்லை.

2. எழுத்து மோதல்: கல்லூரி, அலுவலகக் கணினிகளில் நெட்வொர்க் டிரைவுக்கு எஃப் என்ற எழுத்து தரப்பட்டிருக்கும் நிலையில், புதிதாகச் செருகிய பென் டிரைவுக்கும் அதே எழுத்து ஒதுக்கப்பட்டு, அது மறைந்துவிடுவதுண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். பென் டிரைவுக்கு வேறோர் எழுத்தைத் தந்தால் சரியாகும். நெட்வொர்க் டிரைவுகளுக்கு இசட், ஒய் எனக் கடைசியிலிருந்து எழுத்துகளைத் தருவது இம்மோதலைத் தவிர்க்கும்.

3. வட்டு 'ஆஃப்லைன்' எனக் காட்டுதல்: ஒரு வட்டின் முழு நகலை அதே கணினியில் இணைக்கும்போது இரண்டின் கையொப்ப எண்ணும் ஒன்றாக இருப்பதால் இது நேரலாம். வட்டின் பெயர்மேல் வலச்சொடுக்கு செய்து 'ஆன்லைன்' கொடுத்தால் விண்டோஸ் அதற்குப் புதிய எண்ணை எழுதும். கணினியைத் தொடக்குவதற்காக எடுத்த நகலாயின், எண் மாறிய பின் அதிலிருந்து கணினி தொடங்காமல் போகலாம்.

4. 'ரா' எனக் காட்டுதல்: கோப்பு முறைமையை விண்டோசால் படிக்க இயலவில்லை என்பது இதன் பொருள். கோப்பு முறைமை பழுதடைந்திருக்கலாம். அல்லது லினக்சின் இஎக்ஸ்டி4 போன்ற, விண்டோஸ் நேரடியாகப் படிக்காத முறையில் வட்டு அமைந்திருக்கலாம். இந்நிலையில் 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்ற செய்தி தோன்றினால் 'கேன்சல்' கொடுக்க வேண்டும். லினக்ஸ் கணினியில் செருகிப் பார்ப்பது நல்ல முதல் சோதனை.

5. 'அன்அலொகேட்டட்' அல்லது 'நாட் இனிஷியலைஸ்டு' எனக் காட்டுதல்: புதிய வட்டுக்கு இது இயல்பு, பகுதி உருவாக்கியதும் எழுத்து கிடைக்கும். ஏற்கெனவே கோப்புகள் இருந்த வட்டாயின் புதிய பகுதி எதையும் உருவாக்காமல், மீட்பு மென்பொருளால் கோப்புகளை வேறொரு வட்டுக்கு எடுக்க முயல வேண்டும்.

6. வட்டே தென்படாமை: இது எழுத்துச் சிக்கல் அன்று. கேபிள், யுஎஸ்பி துளை, மின்னிணைப்பு ஆகியவற்றைச் சோதித்து, வேறொரு கணினியிலும் செருகிப் பார்க்க வேண்டும்.

விரும்பிய எழுத்து பட்டியலில் இல்லாதபோது

மொத்தம் 26 எழுத்துகளே உள்ளன. டிவிடி டிரைவ், மெமரி கார்டு ரீடரின் வெற்றுத் துளைகள் போன்றவையும் எழுத்துகளைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே வட்டோ கார்டோ இல்லாதவற்றை எக்ஸ்புளோரர் மறைத்துவிடுவதால் அவ்வெழுத்துகள் யாரிடமும் இல்லாதவைபோல் தோன்றலாம். எழுத்தே தராமல், என்டிஎஃப்எஸ் பகுதியிலுள்ள ஒரு வெற்றுக் கோப்புறையில் வட்டை இணைக்கும் வழியும் உண்டு.

கவனிக்க வேண்டியவை

'ஈஎஃப்ஐ', 'ரெகவரி' ஆகிய பகுதிகளுக்கு எழுத்து இல்லாதிருப்பது குறையன்று. தவறுதலாக யாரும் மாற்றிவிடாதிருக்க அவை மறைந்தே இருக்க வேண்டும். விண்டோஸ் நிறுவப்பட்ட சி டிரைவின் எழுத்தை மாற்ற முயலக் கூடாது. மென்பொருள்கள் நிறுவப்பட்ட மற்ற டிரைவுகளின் எழுத்தை மாற்றினால் குறுக்குவழிகளும் அம்மென்பொருள்களும் செயல்படாமல் போகலாம். 'டிஸ்க்பார்ட்' கருவியிலும் எழுத்து ஒதுக்கலாம். ஆனால் அதிலுள்ள 'கிளீன்' கட்டளை தேர்ந்தெடுத்த வட்டின் பகுதி அட்டவணையையே நீக்கிவிடும் என்பதால், எண்ணைச் சரிபார்க்காமல் எந்த வட்டையும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

டிரைவ் மீண்டும் தெரிந்ததும் முதலில் செய்ய வேண்டியது, முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பதாகும். அடிக்கடி 'ரா' நிலைக்குச் செல்லும் வட்டு பழுதடைந்து வருகிறது என்று கொள்வதே பாதுகாப்பானது.