பழைய தோட்டப் பாதை, புதிய நடைவழி

தேயிலைத் தரங்களில் ஒன்றின் பெயர் பீக்கோ. அந்தப் பெயரில் இலங்கை மலையகத்தில் ஒரு நீண்ட நடைவழி 2023ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் இருக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை என்று மலைகளைச் சுற்றிக்கொண்டு நுவரெலியாவில் முடிகிறது. நீளம் 300 கிலோமீட்டருக்கும் மேல். மொத்தம் 22 பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நாள் நடை. சில பகுதிகளில் சைக்கிளும் ஓட்டலாம்.

இந்த நடைவழிக்காகப் புதிதாகச் சாலை போடவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆங்கிலேயர் காலத்துத் தோட்டப் பாதைகளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றோடொன்று இணைத்து, வழிகாட்டிக் கம்பங்களை நட்டிருக்கிறார்கள். இலங்கையில் வாழும் ஸ்பெயின் நாட்டவரான மிகேல் குனாத்தின் யோசனை இது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் நிறுவனமும் நிதி கொடுத்தன.

அந்தப் பாதைகள் எப்படி வந்தன? இலங்கை மலைகளில் முதலில் விளைந்தது காப்பி. 1869இல் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்களை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. துரைமார் குதிரையில் ஏறித் தோட்டத்தைப் பார்வையிடவும், விளைச்சலைக் கீழே இறக்கவும் மலைச்சரிவு நெடுகப் பாதைகள் வெட்டப்பட்டன. லாரியும் தார்ச்சாலையும் வந்தபின் பல பாதைகள் புதர் மண்டின.

பயணக் கட்டுரைகளில் இவற்றை 'மறக்கப்பட்ட பாதைகள்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மறந்தவை வண்டிகள். கொழுந்துக் கூடையோடு போகும் பெண்களும், லயத்திலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அந்தப் பாதைகளில் பலவற்றை ஒருநாளும் விட்டதில்லை.

பழைய பாதைகள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் சரிவு. குதிரையும் மாடும் செங்குத்தான ஏற்றத்தில் பாரம் இழுக்காது. அதனால் பழைய பொறியாளர்கள் மலையை நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறினார்கள். தூரம் கூடும், மூச்சு வாங்குவது குறையும். கணக்கு ஆசிரியர்கள் இதை நன்றாகப் பயன்படுத்தலாம். நம் பள்ளிகளில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காகக் கட்டப்படும் சாய்தளத்துக்கு விதி 1:12; அதாவது 12 அடி தூரத்தில் 1 அடிதான் உயரலாம். விழுக்காட்டில் சொன்னால் சுமார் 8.3. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1913 முதல் 1922 வரை போடப்பட்ட நெடுஞ்சாலைக்கு, அதை வடிவமைத்த சாமுவேல் லங்காஸ்டர் வைத்த உச்சவரம்பு 5 விழுக்காடுதான். நம் பள்ளிச் சாய்தளத்தைவிடச் சாய்வு குறைந்த மலைச்சாலை! வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூபையும் அளவு நாடாவையும் கொடுத்து, சாய்தளத்தை அளந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அந்த ஓரிகன் சாலையைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில் அகலமான புதிய நெடுஞ்சாலை வந்ததும் பழைய சாலை துண்டு துண்டாகக் கைவிடப்பட்டது. மோசியர் என்ற ஊருக்கு அருகிலிருந்த இரட்டைச் சுரங்கங்களைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடினார்கள். 1915இல் திறந்த மிட்செல் பாயிண்ட் சுரங்கம் 1966இல் தகர்க்கப்பட்டது. 1980களில் மக்களும் மாநில அரசும் மனம் மாறி, விடுபட்ட துண்டுகளை நடைக்கும் சைக்கிளுக்குமான வழியாக இணைக்கத் தொடங்கினர். மோசியர் சுரங்கங்களில் கொட்டியதை அள்ளியெடுத்து 2000இல் திறந்தார்கள். மிட்செல் பாயிண்டில் மலையைக் குடைந்து புதிய சுரங்கம் அமைத்து 2025இல்தான் திறந்தார்கள். உடைக்க எடுத்த காலத்தையும் திரும்பச் செய்ய எடுத்த காலத்தையும் ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

பீக்கோவுக்குத் திரும்புகிறேன். அந்தத் தோட்டங்களை உருவாக்கிய கைகள் யாருடையவை? மதுரை, திருச்சி, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பகுதிகளிலிருந்து போனவர்களுடையவை. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். அந்தக் கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறும். கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்தது 1914இல். அதற்கு முன் போனவர்களில் பெரும்பாலோர் ஊரிலிருந்து கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

மலையகத் தமிழர் இலங்கைக்குச் சென்றதன் 200ஆம் ஆண்டாகவும் 2023 நினைவுகூரப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு நடைபயணம், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக 16 நாள் நடந்து ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர். முன்னோர் நடந்த வழியிலேயே நடந்து, காணி உரிமையும் வீட்டுரிமையும் நியாயமான கூலியும் கேட்டார்கள். லயத்தில் தலைமுறைகளாகக் குடியிருந்தும் கால் வைத்திருக்கும் மண் தமதில்லை என்பதுதான் அவர்களுடைய அடிப்படைக் குறை.

ஒரே ஆண்டில் இரண்டு பாதைகள். ஒன்றுக்குத் தேயிலையின் பெயர் கிடைத்தது. வழிகாட்டிக் கம்பங்களும் வெளிநாட்டுப் பயணிகளும் கிடைத்தார்கள். மற்றொன்றில் நடந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களேதான் சுமந்து சென்றார்கள். நடைவழியை நான் குறை சொல்லவில்லை. பயணிகள் வந்தால் தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தேநீர்க்கடை, தங்குமிடம், வழிகாட்டி வேலை என்று வருமானம் வர வாய்ப்புண்டு. ஆனால் ஒரு பழைய பாதையைச் சீர்செய்யும்போது கல்லையும் புதரையும் மட்டும் அகற்றினால் போதாது. யார் வெட்டியது, யார் நடந்தது என்பதும் அந்தப் பாதையில் எழுதப்பட வேண்டும்.

இதை நான் வகுப்பில் எடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, "எங்க அம்மாச்சி அட்டன்ல பொறந்தவுக டீச்சர்" என்றாள். கொட்டகலையும் நோர்வூட்டும் அட்டனுக்குப் பக்கத்து ஊர்கள். வரைபடத்தில் காட்டினேன். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டது 5,25,000 பேரை. தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் நீலகிரியில் மட்டுமில்லை, நம் மாவட்டங்களிலும் இருக்கின்றன. மறுநாள் அவள் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள்: லயத்திலிருந்து பள்ளிக்கூடம் போக ரோடு ஒன்று, குறுக்குப்பாதை ஒன்று, மழைக்காலத்தில் குறுக்குப்பாதையில் அட்டை கடிக்கும், அதனால் காலில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டு போவார்கள். எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்காத செய்தி.

அதன் பிறகு எங்கள் ஊர்ச் சாலையையே எடுத்துக்கொண்டோம். மதுரையிலிருந்து பரவை வழியாகச் சமயநல்லூர் வரும் பழைய திண்டுக்கல் சாலை, ரயில் வருவதற்கு முன்பு வடக்கிலிருந்து மதுரைக்கும் அதற்கப்பால் ராமநாதபுரக் கரைக்கும் போனவர்களுக்கு இருந்த வழிகளில் ஒன்று. நான்குவழிச் சாலை வந்தபின் வாடிப்பட்டி ஊருக்குள் புகுந்து செல்லும் பழைய சாலை உள்ளூர்ச் சாலையாகிவிட்டது. விலையில்லா மிதிவண்டி வாங்கிய பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். எந்தச் சாலையில் அம்மா போகவிடுவார், எதில் விடமாட்டார் என்று கேட்டால் ஒரே குரலில் பதில் வரும்.

தொன்மைப் பாதுகாப்பு மன்றப் பிள்ளைகள் இப்போது பழைய சாலையின் ஒரு பகுதியை வரைபடமாக்கி வருகிறார்கள். மைல்கல், சாலையோரப் புளியமரம், பாலத்தில் பொறித்த ஆண்டு, பெரியவர்கள் சொல்லும் பழைய இடப்பெயர் ஆகிய நான்கையும் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். ராணி மங்கம்மாள் காலத்துச் சாலை என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். அவர் ஆண்டது 1689 முதல் 1706 வரை. சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவர். ஆனால் இந்தச் சாலை அவருடையதுதானா என்பதற்குச் சான்று கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.