திரும்பி வரும் ரத்தம்

ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இன்று ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் மலிந்த பிரதேசம். 2021 ஏப்ரலில் அங்குள்ள ஆலையின் திரவப் பிராணவாயுவை ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பியதை ஆட்சேபித்து, தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதியது நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.

விரலில் மாட்டும் கருவி அந்நாட்களில் பல வீடுகளிலும் புகுந்தது. அது காட்டுவது இருதயத்திலிருந்து புறப்படும் ரத்தத்தின் கணக்கு. சுகதேகிக்கு 95 முதல் 100 சதவிகிதம். உடலைச் சுற்றித் திரும்பும் ரத்தத்திலோ சுமார் 70 முதல் 75தான். வரவில் கால் பங்கு செலவு, மீதி சேமிப்பு. இருதயத்தருகே மெல்லிய குழாய் செலுத்தியே இதை அளக்க வேண்டுமாதலால், தீவிர சிகிச்சை பெறுவோருக்கே பெரும்பாலும் இச்சோதனை.

சேமிப்பு கரையக் காரணங்கள் நான்கு: நுரையீரல் கோளாறு, இருதய பலவீனம், சோகை, ஜுரத்தாலும் நடுக்கத்தாலும் பெருகும் செலவு. எண் மிக உயர்வதும் எப்போதும் நன்மையன்று. கிருமிகளால் ரத்தம் கெடும்போது திசுக்கள் பிராணவாயுவை எடுத்துக்கொள்ள இயலாமற் போவதுண்டு.

இவற்றுள் நம்மை வருத்துவது சோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவிகிதத்தினருக்கு அது உண்டு. விரற்கருவி அவர்களுக்கும் 98 என்றே காட்டக்கூடும். வண்டிகள் பாதியே ஓடினாலும், ஓடுபவை நிரம்பியிருந்தால் அதற்குத் திருப்தி! குறையை இருதயம் விரைந்தடித்து ஈடுசெய்கிறது. இயலாதபோது சேமிப்பில் கை வைக்கிறது.

ஆலையில் நின்று உழைக்கும் நம் பெண்மக்கள் களைப்பென்றால், விரலைப் பார்த்துச் சமாதானமடையாமல் ஹீமோகுளோபினைச் சோதித்துப் பார்ப்போமாக.